பூசணியைச் சுட்டிய விரல்

தூத்துக்குடியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒருத்தி செடி வளர்த்துவந்தாள். மீன் ஏற்றி வந்த பழைய தெர்மோகோல் பெட்டிகளில் கீரை. பெயின்ட் வாளிகளில் தக்காளி, கத்தரி. கழுத்து உடைந்த தண்ணீர்க் கேனில் கறிவேப்பிலை.

அவள் பெயர் பெர்பெத்து. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. ஆனாலும் கேள்வியோடு படியேறி வந்தவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

ஒருநாள் துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார்.

"டீச்சர், மணி பிளான்ட் திருடிட்டு வந்து வெச்சாத்தான் வளருமாமே? கடையில வாங்கி வெச்சது மூணும் போயிட்டு."

டீச்சர் கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தாள். "நான் கீழ போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள திருடிக்கோங்க."

அவர் திருடினார். டீச்சர் திரும்பி வந்தாள்.

"எங்க வைக்கப் போறீங்க?"

"பழைய இடத்துலதான். ஏசிக்கு நேரா."

"அப்ப ரெண்டாத் திருடிக்கோங்க. அடுத்த மாசம் படியேற வேண்டாம்."

இப்படித்தான் அவள் பதில் சொல்வாள்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ரொசாலி என்பவளும் ஒருத்தி. டீச்சரைவிட நான்கு வயது மூத்தவள். கணவன் கப்பலில் வேலை. மகள் அமலிக்கு மூன்றரை வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்து, இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்த பிள்ளை. பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தபோது ரொசாலிக்கு உண்டான பயம் அதன் பிறகு இறங்கவே இல்லை. ஈக்குப் பயம். இருமலுக்குப் பயம். படிக்கட்டுக்குப் பயம். பக்கத்து வீட்டுக்காரி "பிள்ள தேறிட்டாளே" என்று சொன்னால் அந்தக் கண்ணுக்கும் பயம்.

மருந்து அடிக்காத காய் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ரொசாலி செடி வளர்க்க வந்தாள். இரண்டு தெருத் தள்ளி, தன் வீட்டு பால்கனியில் ஒரு மீன் பெட்டியில் மண் நிரப்பி, மஞ்சள் பூசணி விதை ஊன்றினாள். கொடி பால்கனிக் கம்பியைப் பிடித்து ஏறியது.

ஜூன் மாதத்து முதல் திங்கள்கிழமை மத்தியானம், அவள் அமலியைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தாள். தட்டில் கோலிக்குண்டு அளவில் பூசணிப் பிஞ்சுகள். மஞ்சளாகி, சுருங்கி.

"ஏழாவதும் விழுந்துட்டு டீச்சர்."

டீச்சர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"தண்ணி சரியாத்தான் ஊத்துறேன். மீன் கழுவின தண்ணியும் ஊத்துறேன். எதுக்கு விழுது?"

டீச்சர் அமலியைப் பார்த்தாள். செர்ரி தக்காளி இரண்டு பழுத்திருந்தன.

"பிள்ளைக்கு எந்தத் தக்காளி வேணும்? காட்டு, பறிச்சுத் தாரேன்."

அமலி வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். மோவாயைத் தூக்கித் தக்காளி இருந்த பக்கம் காட்டினாள்.

"மோவாய் ரெண்டுக்கும் நடுவுல நிக்குதே. இதுவா, அதுவா?"

அமலி முழங்கையை நீட்டினாள். கை சட்டைக்குள்ளேயே இருந்தது.

"கைக்கு என்ன அக்கா?"

ரொசாலி தட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்.

முதல் பிஞ்சைக் கண்டதும் அமலிதான் "அம்மா, குட்டிக் காய்!" என்று விரல் நீட்டினாள். பிஞ்சைச் சுட்டினால் அழுகிவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் ரொசாலி. பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். பத்தாம் நாள் பிஞ்சு விழுந்தது. "பாத்தியா, நீ சுட்டினதாலதான்" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு இன்னொன்று விழுந்தது. இன்னொரு தடவை சொன்னாள்.

"அதுக்குப் பிறகு விரலே நீட்ட மாட்டேங்கா. எங்க வலிக்குதுன்னு கேட்டாலும் காட்ட மாட்டேங்கா. இன்னைக்குக் காலையில கான்வென்ட்ல சேக்கக் கூட்டிட்டுப் போனேன். ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்காம். சிஸ்டர் படத்த விரிச்சு, ஆப்பிள் எங்க காட்டு, பூனை எங்க காட்டுன்னு கேக்காங்க. இவ கைய சட்டைக்குள்ள விட்டுட்டு நிக்கா. பேரு தெரியும் டீச்சர். எல்லாம் தெரியும்."

"சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

"புதன்கிழமை பத்து மணிக்கு இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்கன்னாங்க. அன்னைக்கும் இப்படி நின்னா அடுத்த வருஷம்தானாம்."

டீச்சர் இரண்டு தக்காளியையும் பறித்து அமலியின் இடது கையில் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"கொடியக் காட்டுங்க."

பால்கனியில் கொடி நன்றாகத்தான் இருந்தது. இலை ஒவ்வொன்றும் தட்டு அகலம். கம்பியில், மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு ஒன்று காவலுக்குத் தொங்கியது. அதற்கு அருகில், ஒரு காம்பில், வெள்ளைத் துணியில் சின்ன மூட்டை.

"இது என்ன?"

"எட்டாவது. இது ஒண்ணுதான் மிச்சம். பிள்ளையோட பழைய ஜப்லாவ வெட்டிப் பை தெச்சேன். ஈ குத்தாம இருக்க. நீங்கதான துணி கட்டச் சொன்னீங்க."

"எப்பக் கட்டச் சொன்னேன்?"

"பூ வாடி உதிந்த பிறகுன்னு சொன்னீங்க."

"நீங்க எப்பக் கட்டினீங்க?"

ரொசாலி உத்தரியத்தைப் பார்த்தாள். "பூ விரியுற வரைக்கும் பொறுக்க முடியல டீச்சர். அடியில குட்டியா உருண்டு தெரிஞ்ச அன்னைக்கே கட்டிட்டேன். ஏழுக்கும் அப்படித்தான். எதுவும் கிட்ட வந்துரக் கூடாதுன்னு."

டீச்சர் மூட்டையை மெல்ல வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே மொட்டு நீண்டு, நுனி மஞ்சள் காட்டியிருந்தது.

"நாளன்னைக்கு விரிஞ்சுரும். துணிய அவுத்துருங்க. புதன்கிழமை காலையில ஆறரைக்கு வாரேன். பிள்ள முழிச்சிருக்கட்டும்."

"பிள்ள எதுக்கு டீச்சர்? அவ பாட்டுக்குச் சுட்டிட்டான்னா..."

அமலியின் இடது கையும் சட்டைக்குள் போனது. தக்காளி இரண்டும் தரையில் உருண்டன.

டீச்சர் குனிந்து அவற்றைப் பொறுக்கினாள்.

"அதுக்குத்தான்" என்றாள்.

"உத்தரியத்தையும் எடுத்துரவா?"

"அது இருக்கட்டும். அது காத்த மறிக்கல."

புதன்கிழமை ஆறரைக்கு டீச்சர் வந்தாள். அமலி பல் விளக்கி, தலை சீவி, தூக்கக் கண்ணோடு நின்றாள். துணி கட்டியபடியே இருந்தது.

"திங்கக்கிழமையே அவுத்தேன் டீச்சர்" என்றாள் ரொசாலி. "ஒரு எறும்பு ஏறிச்சு. திருப்பிக் கட்டிட்டேன்."

"சரி. இப்ப அவுங்க."

"நீங்க அவுக்கக் கூடாதா?"

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரொசாலி அவிழ்த்தாள். மூன்று முடிச்சு. மூன்றாவது முடிச்சுக்குப் பல் தேவைப்பட்டது. துணி விலகியதும், இடமில்லாமல் மடங்கிக் கிடந்த பூ ஒவ்வொரு இதழாக நிமிர்ந்தது. அடியில் பச்சையாக ஓர் உருண்டை.

கொடியில் வேறு பூக்களும் விரிந்திருந்தன. மெல்லிய நீளக் காம்பில், அடியில் உருண்டை இல்லாமல். டீச்சர் அதில் ஒன்றைப் பறித்தாள். இதழ்களைக் கிழித்து எறிந்தாள். நடுவில் ஒரு குச்சி, அதன் மேல் மஞ்சள் பொடி.

"இது ஆண் பூ. இதுல காய் வராது. இந்தப் பொடி அந்தப் பூவுக்குள்ள போகணும். போனாத்தான் அடியில உள்ள உருண்டை காயாகும். போகலன்னா அது வெறும் உருண்டைதான். மூணு நாள் இருக்கும், மஞ்சளாகும், விழுந்துரும்."

"பொடிய யாரு கொண்டு போவா?"

"தேனீ வரும். வண்டு வரும். அன்னைக்கு வந்துச்சே எறும்பு, அது மாதிரி ஆளுங்களும் வரும்."

ரொசாலி பூவைப் பார்த்தாள். கையில் இருந்த துணியைப் பார்த்தாள். ஜப்லாவில் பூத்தையல் போட்ட வாத்து ஒன்று அதில் பாதி வெட்டுப்பட்டு நின்றது.

"ஏழுக்கும்... எதுவும் உள்ள போகலையா?"

டீச்சர் ஆண் பூவை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"நான்தானா டீச்சர்? நான் கட்டினதாலயா?"

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க அக்கா?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியின் காய்ந்த இலைகளைக் கிள்ள ஆரம்பித்தாள். ரொசாலிக்குப் பின்னால் அமலி நின்றுகொண்டிருந்தாள். கை சட்டைக்குள்.

ரொசாலி முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அமலி. காய் விழுந்துச்சுல்லா?"

"ம்."

"அது உன் விரலால விழல."

அமலி தாயின் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா துணி கட்டிட்டேன். வண்டு உள்ள வர முடியல. அதான் விழுந்துச்சு."

"நான் சுட்டினதாலன்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"ரெண்டாவது விழுந்தது?"

"அதுவும் அம்மாவாலதான்."

"சின்னூண்டா இருந்துச்சே ஒண்ணு, அது?"

"அதுவும்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அமலி யோசித்தாள். சட்டைக்குள் கை அசைந்தது. முதலில் மணிக்கட்டு வெளியே வந்தது. பிறகு மூடிய கை. பிறகு ஒரு விரல் மட்டும், பாதி மடங்கியபடி.

"இங்க வா" என்றாள் டீச்சர். ஆண் பூவை நீட்டினாள். "இதுல விரல வெச்சுச் சுத்து."

விரல் நுனி மஞ்சளானது.

"அந்தப் பூவுக்கு உள்ள தொடு. மெல்ல."

அமலி தாயைத் திரும்பிப் பார்த்தாள். ரொசாலியின் கை துணியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் தலையாட்டினாள்.

"பூவுக்கு வலிக்குமா சித்தி?" என்று டீச்சரிடம் கேட்டாள்.

"அதுகிட்டயே கேளு."

அமலி பூவுக்குள் முகத்தை வைத்துக் கேட்டாள். மூக்கிலும் மஞ்சள் ஒட்டியது. "கூசுதாம்" என்றாள். பிறகு விரலை நீட்டித் தொட்டாள்.

ரொசாலிக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. டீச்சரின் காதருகே போய்ச் சொன்னாள்.

"இதுவும் விழுந்துட்டா? இந்தத் தடவ நெசமாவே அவ தொட்டிருக்கா. தன் விரலாலதான்னு நினைச்சுக்குவாளே. பிறகு அந்த விரலு வெளியவே வராது டீச்சர்."

டீச்சர் ஆண் பூவில் தன் விரலைச் சுற்றினாள். அமலி தொட்ட பூவுக்குள் விட்டு எடுத்தாள். பிறகு ரொசாலியிடம் ஆண் பூவை நீட்டினாள்.

"நீங்களும் தொடுங்க."

ரொசாலி தொட்டாள்.

"விழுந்தா மூணு பேரும் சேந்து பொறுக்குவோம்" என்றாள் டீச்சர்.

பத்து மணிக்கு சிஸ்டர் படத்தை விரித்தார். அமலி ஆப்பிளைக் காட்டினாள். பூனையைக் காட்டினாள். பஸ், பந்து, குடை எல்லாவற்றையும் காட்டினாள். கேட்காமலே சிஸ்டரின் கன்னத்தில் இருந்த மருவையும் காட்டினாள்.

"விரல்ல என்னம்மா மஞ்சளா இருக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"பூசணி" என்றாள் அமலி.

திங்கள்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள்.

இரண்டு நாளில் பூ வாடி உதிர்ந்தது. அன்றுதான் ரொசாலி துணி கட்டினாள். அதே ஜப்லா, ஒரே முடிச்சு. உள்ளே உருண்டை வளர்ந்தது. சனிக்கிழமை எலுமிச்சை அளவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைவிடக் கொஞ்சம் பெரிது. அமலி காலையும் மாலையும் வந்து வயிற்றைத் தடவுவது போல் அதைத் தடவிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அமலியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ரொசாலி வீட்டுக்கு வந்தாள். துணிப்பை தரையில் கிடந்தது. முடிச்சு நெகிழ்ந்த வாய் வழியே காய் தெரிந்தது. காம்பருகே மஞ்சளாகியிருந்தது.

அவள் காயைத் தொடக்கூட இல்லை. அப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள்.

"விழுந்துட்டு டீச்சர்! நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன். ஒண்ணுகூட மாத்தல."

டீச்சர் மண் கலந்துகொண்டிருந்தாள். "தெரியும்."

"பிறகு எதுக்கு விழுந்துச்சு?"

"தெரியல."

"உங்களுக்கே தெரியலையா?"

"வெயிலா இருக்கும். கொடிக்கு இன்னும் தாங்கத் தெம்பு இல்லாம இருக்கும். தெரியல அக்கா."

ரொசாலி மூச்சு வாங்கினாள். "அவ பன்னெண்டு மணிக்குத்தான் வருவா. அதுக்குள்ள எடுத்துக் குப்பையில போட்டுட்டு, அணில் தூக்கிட்டுப் போயிட்டுன்னு சொல்லிரவா?"

டீச்சர் கையில் இருந்த மண்ணைத் தட்டினாள்.

"மூணு பேருன்னு பேசியிருக்கோம்."

காயை எடுக்காமல் இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் போகவில்லை. ரொசாலி இரண்டு தடவை எழுந்து காயிடம் போனாள். இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பதினொன்றே முக்காலுக்குப் போய் அமலியைக் கூட்டிவந்தாள். வழியில் ஒன்றும் சொல்லவில்லை.

அமலி பையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக பால்கனிக்கு வந்தாள். நின்றாள்.

காயைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

ரொசாலியின் கை சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

"விழுந்துட்டு" என்றாள் அமலி.

"ஆமா" என்றாள் ரொசாலி.

"யாரால?"

ரொசாலி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் உதவிக்கு வரவில்லை.

"யாராலயும் இல்ல அமலி. எதுக்கு விழுந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரியல. சித்திக்கும் தெரியல."

"சித்திக்குமா?"

"எனக்கும்தான்" என்றாள் டீச்சர்.

அமலி விரலைச் சட்டையில் ஒரு தடவை துடைத்தாள். விரல் சட்டைக்குள் போகவில்லை.

"சும்மா விழுந்திருக்கும்மா" என்றாள். "எங்க கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான். அவன் சும்மா சும்மா விழுவான்."

மூவரும் குனிந்தார்கள். அவ்வளவு சின்னக் காயில் மூன்று கைக்கு இடமில்லை. டீச்சரின் தலையும் ரொசாலியின் தலையும் முட்டிக்கொண்டன. அமலி சிரித்தாள். காயைப் பையிலிருந்து எடுத்து மீன் பெட்டியின் மண்ணில் வைத்தார்கள். நிமிரும்போது அமலியின் கண் கொடியோடு மேலே ஏறியது. கம்பியின் உச்சியில், ஓர் இலைக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒன்று.

"அம்மா, அங்க! அங்க பாரு, குட்டிக் காய்!"

விரல் முழுதாக நீண்டிருந்தது.

ரொசாலியின் கை தானாக எழுந்தது. பழைய பழக்கம். பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கை போய், பிள்ளையின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டது.

"ஆமா. அம்மாவும் பாத்துட்டேன்" என்றாள்.

தரையில் கிடந்த ஜப்லாத் துணியை எடுத்து, உதறி, நான்காக மடித்து ஜன்னல் திட்டில் வைத்தாள். டீச்சர் எழுந்து வாசலுக்குப் போயிருந்தாள். ரொசாலி பின்னாலேயே போனாள்.

"எப்ப விரியும் டீச்சர்?"

"ஒரு வாரம் ஆகும்."

"அன்னைக்கும் ஆறரைக்கு வந்துருவீங்கல்லா?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான் எதுக்கு அக்கா? ரெண்டு விரல் போதும்."